கடைசி இரண்டு ரீலும் தங்கள் தங்கையும்

பழவேற்காடு
20-3-1981

மதிப்பிற்குரிய மச்சான் மக்பூல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் தங்கை நூருன்னிசாவின் கணவனும், தங்கள் டூரிங் கொட்டகையின் மேனேஜருமான ஜலீல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே நானும் தங்கள் தங்கையும் புரொஜக்டரும் சுகம். ஜெனரேட்டருக்கு மட்டும் இரண்டு நாளாக இருமல். அங்கே தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், மண்ணடிக் கயிற்றுக்கடையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

தங்கள் அஞ்சலட்டை புதன்கிழமை கிடைத்தது. மூன்றே வரி. பெண்கள் கொட்டகையில் விசிலடித்ததாகக் கேள்வி, நூருன்னிசாவும் உள்ளே இருந்ததாகக் கேள்வி, உண்மையா பொய்யா உடனே எழுதவும் என்று கேட்டிருந்தீர்கள். அஞ்சலட்டை என்பதால் அது என் கைக்கு வருவதற்கு முன்பே கோட்டைக்குப்பம் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் நான்கு பேர் என்னை நிறுத்தி, என்ன பதில் எழுதப் போகிறாய் என்று விசாரித்தார்கள். அடுத்த முறை உறையில் போட்டு எழுதுமாறு வேண்டிக்கொள்கிறேன். உண்மையா பொய்யா என்று ஒரே வார்த்தையில் நானும் பதில் எழுதிவிடலாம். ஆனால் ஒரே வார்த்தையில் எழுதினால் குற்றம் முழுவதும் என் ஒருவன் தலையில் விழும். விவரமாக எழுதினால் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தங்கள் பங்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம். படப்பெட்டி அனுப்பும்போது ரீல் டப்பாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய வார இதழ்களை இடையில் செருகி அனுப்புகிறீர்கள் அல்லவா, அதில்தான் வாரம் எட்டுப் பக்கம் 'செம்பருந்து' படக்கதை வந்துகொண்டிருந்தது. செம்பருந்து என்பவன் சிவப்பு முகமூடி போட்டுக்கொண்டு கடற்கொள்ளைக்காரர்களை அடிக்கிறவன். அவனோடு தமயந்தி என்று ஒருத்தி. அவளுக்கு முகமூடி கிடையாது. என் முகம் தெரிந்தால் தெரியட்டும் என்கிற ரகம். செம்பருந்து வாரத்துக்கு ஒரு முறை எங்கேயாவது மாட்டிக்கொள்வான், தமயந்தி வாரத்துக்கு ஒரு முறை போய் மீட்டுக்கொண்டு வருவாள். தங்கள் தங்கை அந்தப் பக்கங்களை எல்லாம் சேர்த்து, தங்கள் கடைச் சணலாலேயே தைத்து வைத்திருக்கிறாள். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் பகல் சாப்பாட்டு நேரத்தில் நம் வீட்டுக் கிணற்றடிக்குச் சேறு கழுவ வருவார்கள். மீன்கூடைக்காரிகளும் நிழலுக்கு வந்து ஒதுங்குவார்கள். அவர்களுக்கு இவள் உரக்கப் படித்துக் காட்டுவாள். ஒரு வாரத்து இதழ் வராமல் போனால் இருபது பெண்கள் என்னைத்தான் முறைப்பார்கள். அந்தக் கதையையே யாரோ சினிமாவாக எடுக்க, இந்த மாதம் அதே படத்தைத் தாங்களே நமக்குப் பெட்டியில் அனுப்பி வைத்தீர்கள். நெருப்பையும் அனுப்பிவிட்டு, பின்னாலேயே வைக்கோலையும் அனுப்பினால் நான் என்ன செய்ய முடியும்?

அடுத்தது குப்பத்து ஆண்களின் பங்கு. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு இங்கே பாடு முறை என்று ஒன்று இருப்பது தங்களுக்குத் தெரியும். சீட்டுப் போட்டு, குப்பம் குப்பமாக முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அடிதடி இராது. இந்தப் புத்திசாலிகள் அதே முறையை நம் கொட்டகைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். சண்டைப் படம் வந்தால் திரைக்கு நேர் எதிரே இருக்கிற மணல்தரைக்குத்தான் அடிபிடி. அதனால் சண்டைப் படத்துக்கு மட்டும் மணல்தரைக்குச் சீட்டுப் போடுவார்கள். இன்றைக்கு இந்தக் குப்பத்துக்கு முன்தரை, நாளைக்கு அடுத்த குப்பத்துக்கு. சட்டதிட்டம் எல்லாம் ஏரிச் சட்டம்தான். முறைக்காரன் பொழுது சாய்வதற்குள் வந்து இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அவனுக்குப் பாடு இல்லை, கரையில் காத்திருக்கிறவர்கள் இறங்கலாம். வழக்கு வந்தால் தீர்த்து வைக்க, குப்பத்து நாட்டார் தருமலிங்கம் தினமும் என் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார். ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது. ஆகவே கொட்டகையிலும் கிடையாது. மற்றப் படங்களுக்கு அவர்களுக்கு என்று இடது ஓரத்தில் தட்டி மறைவில் கொஞ்சம் இடம் உண்டு. சண்டைப் படம் என்றால் அந்த இடமும் ஆண்களுக்கே போய்விடும். பெண்கள் சண்டை பார்க்க மாட்டார்கள் என்பது பதினாறு வருஷமாக எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பெண்களை மட்டும் யாரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை அவர்களே கேட்டுவிட்டார்கள். 'செம்பருந்து' சுவரொட்டி ஒட்டிய அன்று பகல் குப்பம்மாள் இருபது பெண்களோடு வந்து என் முன்னால் நின்றாள். நெடுநெடுவென்று உயரம், இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவள், குரலை ஏற்றாமலே அக்கரைக்குக் கேட்கும்படி பேசுவாள். சுவரொட்டியில் செம்பருந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்க, தமயந்தி அவன் கால்மாட்டில் மயங்கிக் கிடப்பதாகப் போட்டிருந்தது. இது யாருக்கு வந்த மயக்கம், எந்த வாரத்தில் வந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. படம் பார்க்க நாங்களும் வருவோம் என்றாள். நான் தன்மையாகத்தான் சொன்னேன் மச்சான். இது கத்தி, ரத்தம் எல்லாம் வருகிற படம், பெண்பிள்ளைகள் பார்த்தால் தலை சுற்றும், அடுத்த வாரம் நல்ல அழுகைப் படம் ஒன்று வருகிறது, அதற்கு வாருங்கள் என்றேன். அவள் தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கெளுத்தி முள் குத்திய தழும்பு.

"முள்ளு ஏறிச்சின்னா பல்லால கடிச்சிப் புடுங்கிப் போட்டுட்டு அடுத்த இறாலைத் தடவுறவ பாய் நானு. உன் படச் சீலைல வர்ற ரத்தத்துக்கா எனக்குத் தலை சுத்தப் போவுது?"

நாட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். நாட்டாரைக் கேட்டேன். பொம்பளைக்கு ஏது பாடு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதை அப்படியே வந்து சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள். அப்படிப் பேசாமல் போனதில்தான் எனக்குப் பயம் வந்தது.

இப்போது தங்கள் தங்கை விஷயம். கொட்டகை திறந்த அன்று தாங்கள் நடுமணலில் நின்றுகொண்டு, நம் வீட்டுப் பெண்கள் இதற்குள் கால் வைக்கக் கூடாது, நாலு பேர் பேச இடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். நான் தலையாட்டினேன். அவளும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு கீற்றுத் தடுப்புதான் என்பதைத் தாங்கள் யோசிக்கவில்லை. பதினாறு வருஷம் வந்த படம் அத்தனையையும் அவள் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதாலேயே பார்த்திருக்கிறாள். ஒரு தடவை ஆபரேட்டர் அங்கமுத்து நான்காம் ரீலுக்குப் பதில் ஆறாம் ரீலை மாட்டிவிட்டான். உள்ளே இருந்த முந்நூறு பேரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பிள்ளை அழுகிறதே என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது. அவசரமாக ரீலை மாற்றினோம். இதைத் தங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். அவள் எப்போதாவது, சண்டை நடக்கும்போது இத்தனை நேரம் யாருமே பேசவில்லையே, என்னதான் செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பாள். நான் களைப்பில், அடித்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்வேன். பதினாறு வருஷமும் அதே பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

வெள்ளிக்கிழமை படம் போட்டோம். ஆண்கள் கூட்டம் தாங்கவில்லை. பன்னிரண்டு ரீல் வரைக்கும் கொட்டகை குலுங்கியது. செம்பருந்து எட்டுப் பேரை அடித்தால் இவர்கள் எட்டுத் தடவை எழுந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாம் ரீல் முடிவில் கொள்ளையர்கள் அவனை நங்கூரச் சங்கிலியில் கட்டிக் கடலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். பதின்மூன்றாம் ரீலில்தான் தமயந்தி முதன்முதலாக வருகிறாள். வந்ததும் குதித்து முங்கி, சங்கிலியை அறுத்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வருகிறாள். பதினான்காம் ரீலில் கையில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு கப்பலில் இருக்கிற அத்தனை கொள்ளையரையும் அவள் ஒருத்தியே அடிக்கிறாள். செம்பருந்து ஓரமாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறான். அந்த மீட்பைக் கதையில் உள்ளபடியேதான் எடுத்திருந்தார்கள். சுவரொட்டிக்காரன்தான் மாற்றி வரைந்துவிட்டான் போலிருக்கிறது. ஆனால் இந்த இரண்டு ரீலுக்கும் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனார்கள்.

மறுநாள் காலையில் நாட்டார் வந்தார். அந்தக் கடைசி இரண்டு ரீலையும் இனிமேல் ஓட்டக் கூடாது, ஓட்டினால் கொட்டகைக்குக் குப்பம் விட்ட மனையைப் பற்றி யோசிக்க வேண்டி வரும் என்றார். காரணம் கேட்டேன்.

"ஒரு பொம்பள ஆம்பளையத் தோள்ல போட்டுகினு வர்றதப் பாத்துட்டு, நாளைக்கு நாங்க வூட்டுல எப்டி பாய் தலை நிமிந்து சோறு துன்றது?"

நான் கோழை மச்சான். தாங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். மனை போனால் கொட்டகை போகும் என்று பயந்து, அந்த இரண்டு டப்பாவையும் எடுத்துப் போய் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

சனிக்கிழமை, பன்னிரண்டாம் ரீலோடு நிறுத்தினோம். செம்பருந்து சங்கிலியோடு ஆழத்துக்குப் போகிறான், நீர்க்குமிழி வருகிறது, அங்கமுத்து 'வணக்கம்' சிலைடைப் போட்டுவிட்டான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இவர்கள் பிறந்ததிலிருந்து தண்ணீரில் கிடக்கிறவர்கள். ஒரு மனிதன் எத்தனை நேரம் மூச்சைப் பிடிப்பான் என்பது அத்தனை பேருக்கும் அத்துப்படி. வாய்க்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கை தாண்டிவிட்டது. ஆள் மேலே வரவில்லையே பாய் என்று ஒரு கிழவர் என்னைக் கேட்டார். படம் அவ்வளவுதான் என்றேன். ஒவ்வொருவராகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெளியே போனார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைந்தார்களாம். எழவு வீட்டுக்குப் போய் வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவன் பிழைத்ததைப் பார்த்தவர்கள்கூட, அது வேறு படம் போலிருக்கிறது, இதுதான் நிஜம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பாதிப் படகு இறங்கவில்லை. தண்ணீரில் போனவனை மறுபடியும் போய்ப் பார்ப்பது ஆகாது என்று சொல்லி, அன்றைக்குப் பாடு விழுந்த குப்பம் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

வீட்டில் பெண்கள் சும்மா இருப்பார்களா? எதற்கு இந்த முழுக்கு என்று கேட்டிருக்கிறார்கள். செம்பருந்து முங்கிப் போய்விட்டான் என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவன் எப்படி முங்குவான், தமயந்தி எங்கே போனாள் என்று கேட்டதற்கு, சனிக்கிழமை பார்த்தவர்கள் அப்படி யாரும் படத்தில் இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஞாயிறு பகல் நம் கிணற்றடியில் கூடிவிட்டார்கள். நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன். தங்கள் தங்கை தைத்து வைத்த புத்தகத்தைக் கொண்டுவந்து, சங்கிலி அறுக்கிற பக்கத்தை விரித்துக் காட்டினாள். அப்படியென்றால் அவளைப் படத்திலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று குப்பம்மாள் சொன்னாள். அதற்குத் தங்கள் தங்கை, யாரோ இல்லை, ராத்திரி முழுக்க என் முதுகுக்குக் கீழேதான் அவள் கிடந்தாள் என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணிடம் கட்டிலுக்கு அடியில் எதையாவது ஒளிக்கலாம் என்று நான் நினைத்தது என் தவறு.

ஞாயிறு பொழுது சாயும் நேரம். கொட்டகை வாசலில் நானும் நாட்டாரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். முறைக்காரன் வருகிறானா என்று பார்ப்பது அவர் கடமை. தெரு முனையில் பெண்கள் வந்தார்கள். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. முன்னால் குப்பம்மாள், தலையில் இறால் கூடை, கூடைக்குள் இரண்டு ரீல் டப்பா. நேராக நாட்டார் முன்னால் வந்து நின்றாள்.

"பொழுது சாஞ்சிச்சா நாட்டாரே?"

அவர் மேற்கே பார்த்தார். சாஞ்சிடுச்சு என்றார்.

"முறைக்காரன் வந்தானா?"

"வர்ல."

"அப்ப எறங்குறது யாரு?"

மச்சான், அந்த மனுஷன் நாற்பது வருஷமாக எத்தனையோ வழக்குத் தீர்த்தவர். பொய் சொல்லி அவர் தீர்ப்பு சொன்னதில்லை. நெற்றி வியர்த்து, கீழே மணலைப் பார்த்து, கடைசியில் சொன்னார்.

"கரையில காத்துகினு கீறவங்க."

அவ்வளவுதான். பதினாறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கினார்கள். தட்டி மறைவுக்கு ஒருத்தியும் போகவில்லை. நேரே முன்தரை. திரைக்கு முன்னால் மணலைக் குவித்து, மேடு கட்டி, காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் உள்ளே போன பிறகு வெளியே ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டி. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வரவில்லை, திரும்பியும் போகவில்லை. தங்கள் உத்தரவு எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் இருந்தது. அதனால்தான் நின்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை.

"பதினாறு வருஷமா கேட்டுகினே இருக்கேங்க. இன்னிக்கு ஒரு தபா பாக்கட்டுமா?" என்றாள்.

எனக்கு அந்த நேரம் என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படம் காட்டுகிறவன் பெண்டாட்டி தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அடித்துக்கொண்டார்கள் என்ற ஒரே பதிலோடு பதினாறு வருஷம் இருந்திருக்கிறாள். நான் எழுந்தேன். வாசல் படுதாவை என் கையாலேயே தூக்கிப் பிடித்தேன். குப்பம்மாளோ நாட்டாரோ யாரும் என்னைச் சொல்லவில்லை. இந்தக் குற்றத்தை மட்டும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை. இது முழுக்க என்னுடையது. அவள் குனிந்து உள்ளே போய், நடுத்தரையில், தாங்கள் உத்தரவு போட்ட இடத்துக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. பன்னிரண்டு ரீல் வரை அவர்கள் கோயில் வாசலில் தேருக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தார்கள். செம்பருந்து அடி வாங்கினால் ஒருத்தியும் பதறவில்லை. அவன் வேலை மாட்டிக்கொள்வதுதானே என்று பேசிக்கொண்டார்கள். சங்கிலியோடு அவன் ஆழத்துக்குப் போனபோது அங்கமுத்து ரீல் மாற்ற விளக்கைப் போட்டான். நூற்றைம்பது தலையும் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில், பாவம், கையில் எடுத்த ரீலைத் தலைகீழாக மாட்டப் போனான். பிறகு சரியாக மாட்டினான். தமயந்தி கப்பல் விளிம்பில் வந்து நின்றாள். அவள் குதித்தாள்.

விசில் என்றால் அப்படி ஒரு விசில் நம் கொட்டகையில் எந்த நட்சத்திரத்துக்கும் விழுந்ததில்லை. படகைக் கரைக்குக் கூப்பிடுகிற விசில் அது, இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து அடிப்பது. ஏரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். மேலே வா, மேலே வா என்று கத்தினார்கள். செம்பருந்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்ததும், மேல வந்துட்டான் என்று எழுந்த கூச்சலில் கூரைக் கீற்று உதிர்ந்தது. அவள் கழியைச் சுழற்றியபோது குப்பம்மாள், அப்படிப் பிடித்தால் இடுப்பு போய்விடும், கையைக் கீழே இறக்கு என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். தமயந்தி அடுத்த அடியில் கையை இறக்கினாள். அதற்கு ஒரு தனி விசில்.

கூச்சலைக் கேட்டுக் கொட்டகை தீப்பிடித்துவிட்டது என்று குப்பத்து ஆண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். வாசலில் நின்றால் உள்ளே ஆள் மேலே வந்துவிட்டான் என்று சத்தம். நேற்று தலைக்கு ஊற்றிக்கொண்டவர்கள் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். குடத்தைப் போட்டுவிட்டு, உசுரோட கீறானா பாய், உசுரோட கீறானா என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள். தோளில் போட்டுக்கொண்டு வந்தது யார் என்ற கேள்வியே அவர்களுக்கு அந்த நேரம் இல்லை. பிழைத்தானே, அது போதும் என்று இருந்தது. உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சினார்கள். முன்தரையில் இடம் இல்லை. காலியாக இருந்தது தட்டி மறைவு மட்டும்தான். நாட்டார் தலைமையில் அத்தனை ஆண்களும் அதற்குள் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் நாட்டார் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா இது, முன்னால கம்பம் நிக்குது. பாதித் திரைதானே தெரியுது."

குப்பம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினாறு வருசமா அப்டித்தான் தெரியுது நாட்டாரே."

கடைசி இரண்டு ரீலையும் மறுபடி போடச் சொன்னார்கள். கேட்டது ஆண்கள்தான். போட்டோம். இந்தத் தடவை விசில் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. திங்கட்கிழமை காலை நாட்டார் தாமே வந்து தட்டியைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டு, தம் வாயாலேயே தீர்ப்புச் சொன்னார். இனிமேல் எந்தப் படத்துக்கும் முன்தரை ஒரு நாள் ஆண்களுக்கு, ஒரு நாள் பெண்களுக்கு, சீட்டில் இரண்டு பேர் பெயரும் உண்டு. அந்தப் பாதித் திரை அவரை ராத்திரி தூங்கவிடவில்லை என்றார். அடுத்த சீட்டு ஏரிக்கும் கேட்பார்களோ என்று இப்போது அவருக்குக் கொஞ்சம் கவலை. கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மனையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தாங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில், உண்மை. இரண்டாம் கேள்விக்கும் பதில், உண்மை. அவள் விசிலடித்தாளா என்று தாங்கள் கேட்கவில்லை, ஆகவே நானும் எழுதவில்லை. என்ன இருந்தாலும் தங்கள் உத்தரவை மீறியது பெரும் குற்றம். இனி இப்படி ஒருபோதும் நடக்காது என்று உறுதி கூறுகிறேன். தங்களுக்கு என்மேல் நம்பிக்கை போயிருக்கும் என்பதால் கொட்டகைச் சாவிக்கொத்தை இந்தக் கடிதத்தோடு அங்கமுத்து கையில் கொடுத்து அனுப்புகிறேன். வேறு மேனேஜர் பார்த்துக்கொள்ளவும். இனி நல்ல அழுகைப் படங்களாக அனுப்புமாறும், படப்பெட்டியில் வார இதழ்களுக்குப் பதில் வைக்கோல் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் ஸலாமும் பிள்ளைகளுக்கு எங்கள் துஆவும். தங்களுக்கு நீண்ட ஆயுளையும், பெரிய மனத்தையும் இறைவன் அருள்வானாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மச்சான்,
ஜலீல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். இனி ஒருபோதும் நடக்காது என்ற வரியை அடிக்கச் சொல்கிறாள். அழகாக எழுதிய கடிதத்தை அடித்துக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, தாங்களே அடித்துக்கொள்ளவும். அழுகைப் படம் வேண்டாம். வைக்கோலும் வேண்டாம். இன்று மாலை பெண்கள் பாடு என்பதால் சாவியும் வரவில்லை, அது அவள் இடுப்பில் இருக்கிறது. வருவது அங்கமுத்துவும் ஒரு நோட்டும் மட்டும்தான். அந்த நோட்டு விஷயம் பின்வருமாறு. படம் எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டேன். "சுமாருங்க. இத்தினி வருசமா சத்தத்த வச்சி நானே பாத்த சண்டைங்கோ இதவிட நல்லா இருந்துச்சி" என்றாள். அப்படியானால் எழுது என்று விளையாட்டுக்குச் சொன்னேன். ஐந்து நாளில் எண்பது பக்க நோட்டை நிரப்பிவிட்டாள். படம் எடுக்கிறவர்கள் யாராவது கயிறு வாங்கக் கடைக்கு வந்தால் தாங்கள் இதைக் கொடுக்க வேண்டுமாம். இதில் தமயந்தி முதல் ரீலிலேயே வந்துவிடுகிறாள். நான் இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் விளக்கை அணைக்க மறந்தேன். வில்லனுக்குப் பெயர் வைக்கவில்லை. மண்ணடியில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறான், தங்கையை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறான் என்று மட்டும் இருக்கிறது. கடையையாவது மாற்று என்று நான் மன்றாடிப் பார்த்தேன், மாட்டேன் என்றுவிட்டாள். கடைசிப் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவன் திருந்துகிறானா, சங்கிலியோடு கடலுக்குள் போகிறானா என்பதைத் தங்கள் பதில் கடிதம் வந்த பிறகுதான் எழுதுவாளாம்.